“நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்பவருக்கு நாம் செய்யும் பிழைகள்

ஒருவர் நாவல் கேட்டதும் நம் வாயில் முதலில் வருவது நமக்குப் பிடித்த நாவலின் பெயர். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. கடைசியாக எதை முழுதாகப் படித்தார், எதைப் பாதியில் மூடி வைத்தார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் பரிந்துரை செய்யக் கூடாது.

குமரி மாவட்டம் தக்கலையில் என் வீட்டு முன்னறையில் இரண்டு அலமாரி நிறைய நாவல்கள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தார் எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். குலசேகரம் பக்கம் பால்வெட்டு வேலை செய்யும் அண்ணன் ஒருவர், தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் என்னிடமும் வந்தார். விடியும் முன்னே ரப்பர் தோட்டத்தில் இறங்குகிறவர். பால் எடுத்து அதை ரப்பர் ஷீட்டாக அடித்து முடித்தால் மதியத்துக்கு மேல் பொழுது அவருடையது. “நல்லதாக ஒன்று கொடு தம்பி” என்றார். நான் யோசிக்கவே இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்து ஐந்து பாகமாக நிற்கும் நாவல் அது. தமிழ் தெரிந்தவருக்கெல்லாம் பிடிக்கும் என்று நம்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. அட்டையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையின் வாசனை. நாற்பதாம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த ரப்பர் இலை காய்ந்து அப்படியே இருந்தது. “எனக்கு இதற்குப் படிப்பு போதாது தம்பி” என்றார். அந்தச் சொல் இன்றும் எனக்கு வலிக்கிறது. குறை அவரிடமும் இல்லை, நாவலிடமும் இல்லை. பிறகுதான் விசாரித்தேன். சின்ன வயதில் கோட்டயம் புஷ்பநாத்தின் துப்பறியும் கதைகளை மலையாளத்திலேயே வாசித்தவர் அவர். எல்லையோர ஊர்களில் இப்படிப் பலர் உண்டு. தமிழ் நாவல் அதிகம் படிக்கவில்லை என்பதால் வாசிப்புப் பழக்கமே இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடுத்து, குற்றக்கதை எழுதும் ராஜேஷ்குமாரின் மாத நாவல் இரண்டைக் கொடுத்தேன். மறுவாரமே வந்து அடுத்ததைக் கேட்டார். 1500-க்கும் மேல் நாவல் எழுதியவர் ராஜேஷ்குமார் என்று சொன்னபோது அண்ணன் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

குற்றக்கதையைச் சொல்லும்போது நாம் செய்யும் துரோகம், “கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, சொல்ல மாட்டேன்” என்பது. அதுவே பாதியைச் சொன்னதாகிவிடும். அந்த வாசகர் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரையும் சந்தேகித்துக்கொண்டு படிப்பார். அகதா கிறிஸ்டி எழுதி 1926-ல் வெளிவந்த ரோஜர் ஆக்ராய்ட் கொலை பற்றிய நாவலைக் கொடுக்கும்போது நான் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காதல் நாவல் கேட்பவரிடம் நடக்கும் பிழை வேறு. காதல் வருகிறது என்பதற்காக, காதலி இறந்துபோகும் கதையைத் தூக்கிக் கொடுப்போம். ரமணிசந்திரன் வாசகர்களுக்கு இருவரும் சேர்வார்கள் என்பது தெரியும். எப்படிச் சேர்கிறார்கள் என்பதைத்தான் அவர்கள் வாசிக்கிறார்கள். “முடிவு தெரிந்த கதையில் என்ன இருக்கிறது?” என்று ஏளனம் செய்பவர் பரிந்துரைக்கவே வர வேண்டாம். முந்திரி ஆலைக்கு, எங்கள் ஊர் வழக்கில் அண்டியாபீசுக்கு, வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் நான் கொடுத்த சோகக் கதையைத் திருப்பித் தந்தபோது சொன்னார்: “பகலெல்லாம் பாடுதான். ராத்திரி படிப்பதிலும் அழ வேண்டுமா?” முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அவர் விரல் நுனிகள் கறுத்திருந்தன. அவர் கேட்டதில் என்ன தவறு?

விஞ்ஞானக் கதை, மாயக் கதை என்றால் “அதெல்லாம் நமக்குப் புரியாது” என்று ஒதுங்குபவர்களே அதிகம். அவர்களிடம் விண்கலத்திலிருந்து தொடங்குவது பிழை. இந்த மாவட்டத்தில் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியைக் கேள்விப்படாத பாட்டி உண்டா? கோயில் கொடையில் வில்லுப்பாட்டாகவே நீலி கதையைக் கேட்டிருப்பார்கள். 1891-ல் சி.வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ நாவலிலும் பஞ்சவன்காட்டு யட்சி வருகிறாள். பேயும் சாபமும் பழகிய மனத்துக்கு இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ அன்னியமாகத் தெரியாது. அடுத்த படியாக சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. பேயா, விஞ்ஞானமா என்ற கேள்வியிலேயே ஓடும் அந்த நாவல் குற்றக்கதை வாசகரையும் உள்ளே இழுத்துவிடும். சுஜாதாவின் எந்திர நாய் ஜீனோ வரும் நாவல்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

ஜீனோவைக் கொடுக்கும்போது வரிசை மாறக் கூடாது: ‘என் இனிய இயந்திரா’ முதலில், ‘மீண்டும் ஜீனோ’ பிறகு. சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ், வசந்த் வரும் நாவல்களில் அந்தக் கவலை இல்லை, எதிலிருந்தும் தொடங்கலாம்.

பழைய மாத நாவல்களைக் கொடுக்கும் முன் கடைசித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நான் பார்க்கவில்லை. மறுநாள் பால்காரர் வருவதற்கும் முன்னே வாசலில் சைக்கிள் மணி அடித்தது. குலசேகரம் அண்ணன், கையில் அந்தப் புத்தகத்தோடு நின்றார். இரவு தங்கை வீட்டிலேயே தங்கிப் படித்திருக்கிறார். “தம்பி, கொன்றது யார்?” என்றார்.