உடம்பை விட்டு வெளியே போன மாதிரி இருந்ததா? எது என்று பிரித்துப் பார்க்கும் முறை

"கூரை உயரத்துல நின்னேன், கீழே பாயில நானே படுத்திருந்தேன்." வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால் பாம்பனிலிருந்து தேவிபட்டினம் வரை உடனே இரண்டு பதில்கள் வரும். ஒன்று அமுக்குவான் பேய், இல்லையென்றால் கெட்ட கனவு. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. முதலில் கேட்க வேண்டியது வேறு: "அப்ப நீ எங்கேருந்து பாத்தே?" பார்வை எந்த இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உடல்விலகல் அனுபவத்துக்கு மூன்று அடையாளங்கள். பார்வை உடம்புக்கு வெளியே, பெரும்பாலும் மேலே இருக்கும். அங்கிருந்து பார்த்தால் சொந்த உடம்பு தெரியும். "நான்" என்ற உணர்வும் அந்தப் பார்வை இருக்கும் இடத்திலேயே இருக்கும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு நிலையாக இருக்கலாம்.

எதிரே தன்னைப்போல ஒருவர் நிற்கிறார், ஆனால் பார்ப்பது தன் கண்ணால்தான் என்றால் அது தன்னுருக் காட்சி. இரண்டில் எது நான் என்றே தெரியாமல் பார்வை அங்கும் இங்கும் மாறினால் அது இன்னொரு வகை, அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்வை கண்ணிலேயே இருக்கிறது, ஆனால் கை கால் தன்னுடையதாகத் தெரியவில்லை, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல மணிக்கணக்கில் இருக்கிறது என்றால் அது விலகல் உணர்வு. கடும் பதற்றத்திலும் தூக்கம் கெட்ட நாட்களிலும் இது வரும். கோயில் கொடையில் சாமி வருவது இதற்கு நேர் எதிர்த்திசை. அங்கே வேறொருவர் உள்ளே இறங்குகிறார், ஆடியவருக்குப் பிறகு நினைவும் பெரும்பாலும் இருக்காது. திருமூலர் கதையில் வரும் கூடுவிட்டுக் கூடு பாய்தலையும் இதோடு சேர்க்கக் கூடாது. மூலன் என்ற இடையனின் உடலுக்குள் புகுந்ததாகத்தான் அந்தக் கதை. உடல்விலகல் அனுபவம் சொல்பவர்கள் இன்னொரு உடலுக்குள் போனதாகச் சொல்வதில்லை.

இந்தக் கரையில் அதிகம் குழப்புவது அமுக்குவான்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கனவுத் தூக்கத்தில் கண்ணும் உதரவிதானமும் தவிர உடம்பின் தசைகள் ஏறக்குறைய எல்லாம் தளர்ந்து கிடக்கும். கனவில் ஓடுகிறவர் நிஜத்தில் எழுந்து ஓடாமல் இருக்க மூளை செய்யும் ஏற்பாடு அது. சில நேரம் அறிவு முதலில் விழித்துவிடும், தசைப் பூட்டு பிறகுதான் திறக்கும். அந்த இடைவெளிதான் அமுக்குவான். மூச்சு முட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. விலா எலும்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் உதரவிதானம் மட்டுமே மூச்சை நடத்துகிறது. பயந்துபோய் ஆழமாக இழுக்கப் பார்த்தால் வராது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதில் ஆள் உடம்புக்கு உள்ளேதான் இருக்கிறார், அசைய மட்டும் முடியவில்லை. ஆனால் இதே கதவு வழியாக உடல்விலகல் அனுபவமும் வரலாம். முதலில் பூட்டு, பிறகு மிதப்பு, பிறகு கீழே உடம்பு என்று வரிசையாகச் சொல்பவர்கள் உண்டு.

மாலையில் வள்ளத்தில் போய் விடியலில் கரையேறி, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, காலை ஒன்பது மணிக்குப் படுப்பவருக்கு இது கூடுதலாக வரக் காரணம் உண்டு. கனவுத் தூக்கம் அதிகாலையிலும் காலையிலும்தான் அடர்த்தியாக இருக்கும். தூக்கம் பாக்கி உள்ளவர் படுத்த உடனேயே அதற்குள் விழுந்துவிடலாம். அலை அடித்த இரவுக்குப் பிறகு கண்ணை மூடினால் பாயும் ஆடும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இன்னும் கடலிலேயே இருக்கிறது. அந்த ஆட்டம் தூக்கத்தின் வாசலில் மிதப்பாக மாறலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இரவுத் தொழில் திரும்பத் தொடங்கும் வாரத்தில் தூக்க நேரம் தலைகீழாகும் என்பதால் அப்போது கூடுதல் கவனம் தேவை.

பூட்டிலிருந்து வெளியே வர முழு உடம்பையும் உலுக்காதீர்கள். ஒரே ஒரு கால் கட்டைவிரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள், அல்லது கண்ணை இடமும் வலமும் உருட்டுங்கள். மூச்சை ஆழமாக இழுக்காமல், சின்னதாக, அதன் போக்கில் விடுங்கள். சில விநாடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும். விட்டதும் உடனே அப்படியே படுத்துத் தூங்கினால் திரும்ப வரலாம். எழுந்து முகம் கழுவி, ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து படுப்பவர்களுக்குத்தான் இது அதிகம்.

விழிப்புக் கனவும் இதோடு கலந்துபோகும். அதில் கனவு என்று தெரிந்தே கனவு நடக்கும். 1975ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், தூங்கிக்கொண்டிருந்தவர் முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடவலமாக அசைத்துக் கொடுத்த சைகையைப் பதிவு செய்தார். கனவுக்குள்ளும் அறிவு விழித்திருக்கலாம் என்பதற்கு அது சான்று. பிரித்தறிய எளிய வழி எழுத்து. காலண்டரில் தேதியைப் படியுங்கள், பார்வையைத் திருப்பி மறுபடி படியுங்கள். கனவில் பெரும்பாலும் எழுத்து மாறிவிடும்.

மூளையில் இது எங்கே நடக்கிறது என்பதற்கு நல்ல தடயம் 2002ல் கிடைத்தது. வலிப்பு நோய்க்காக ஜெனிவாவில் பரிசோதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் மூளையில், வலப்பக்கக் கோண மடிப்பு (angular gyrus) என்ற பகுதியில் நரம்பியல் ஆய்வாளர் ஓலாஃப் பிளாங்கேயின் குழு மின்தூண்டல் கொடுத்தது. குறைந்த மின்சாரத்தில் படுக்கைக்குள் அமிழ்வதுபோல அவருக்குத் தோன்றியது. கூட்டியபோது மேலேயிருந்து தன்னைப் பார்த்தார், ஆனால் கால்களும் இடுப்புப் பகுதியும் மட்டுமே தெரிந்தன. உடம்பின் நிலை, சமநிலை, பார்வை மூன்றையும் மூளை கோத்துவைக்கும் இடம் அது. கோப்பு குலைந்தால் "நான்" இடம் மாறுகிறது. அதனால்தான் மேலே சொன்ன கடல் ஆட்டத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிஜமாகவே வெளியே போனோமா என்று சோதிக்க விரும்புகிறவர்கள் இப்படிச் செய்யலாம். வீட்டில் வேறொருவரை ஐந்து இலக்க எண் ஒன்றைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கண்ணுக்கு மேலே உள்ள அலமாரியின் தலையில், எழுத்து மேல்நோக்கி இருக்க, அவரே வைக்கட்டும். அலைபேசி எண், பிறந்த தேதி, படகு எண் எதுவும் வேண்டாம். யாருக்கும் சொல்லக் கூடாது. அனுபவம் வந்த காலையில், அலமாரிப் பக்கம் போகும் முன் தெரிந்ததை எழுதுங்கள். குருட்டாம்போக்கில் ஐந்து இலக்கமும் பொருந்த லட்சத்தில் ஒரு வாய்ப்பு. பிரதிபலிப்பால் சோதனை கெடலாம். 1968ல் அமெரிக்க உளவியலாளர் சார்ல்ஸ் டார்ட் வெளியிட்ட ஆய்வில் ஒரு பெண் அலமாரியில் இருந்த 25132 என்ற எண்ணைச் சரியாகச் சொன்னார். ஆனால் சுவர்க் கடிகாரத்தின் முகப்பில் அது பட்டுத் தெரிந்திருக்கலாம் என்ற ஐயத்தால் அதை உறுதியான சான்றாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கண்ணாடி, தொலைக்காட்சித் திரை, எவர்சில்வர் குடம் எல்லாவற்றையும் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பாய்க்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். விழித்த ஐந்து நிமிடத்துக்குள் எழுத வேண்டியவை: நேரம், அதற்கு முன் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எப்படிப் படுத்திருந்தீர்கள், பார்வை எங்கிருந்தது, உடம்பின் எந்தப் பகுதி தெரிந்தது, அசைய முடிந்ததா, எப்படி முடிந்தது. தாமதித்தால் கேட்பவர்களின் கதையும் உள்ளே கலந்துவிடும்.

சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பாசி எடுக்க மூச்சடக்கி மூழ்கும் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நீருக்குள் தன்னையே மேலிருந்து பார்த்த மாதிரி இருந்தால் அங்கே ஆராய்ச்சி வேண்டாம். மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றே எடுத்துக்கொண்டு உடனே மேலே வந்து, அன்றைக்கு மூழ்குவதை நிறுத்துங்கள். முழுகும் முன் வேகவேகமாக மூச்சு வாங்குவது நல்லதல்ல. அது கரியமில வாயுவைக் குறைத்துவிடும், மூச்சுக்கான தவிப்பு வருவதற்குள் மயக்கம் வந்துவிடும். ஒருவர் மூழ்கும்போது ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி வந்தால், முடிந்ததும் நாக்கு கடிபட்டிருந்தால், சிறுநீர் போயிருந்தால், பகலில் விழித்திருக்கும்போதே வந்தால் வலிப்பா என்று நரம்பியல் மருத்துவரிடம் பார்க்க வேண்டும். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 108. பயமும் பதற்றமும் தீராமல் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்திருந்தால் போய்வாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து பார்த்தவரையும் கூட்டிப் போங்கள்.