கோடையில் மீன் குளம்: விடியற்காலையில் ஒருமுறை பாருங்கள்

பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்ப்பவர்கள் வெயில் காலத்தில் விடிவதற்கு முன் ஒருமுறை கரைக்குப் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருக்கலாம். கை தட்டினாலும் உள்ளே போகவில்லை என்றால் நிலைமை மோசம்.

காரணம் சூடுதான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. உரமாகப் போட்டு அடியில் கிடக்கும் சாணம், மிச்சத் தீவனம் எல்லாம் வேகமாக அழுகி, இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். பகலில் பாசி ஆக்சிஜன் தரும். இரவில் அதுவும் சுவாசிக்க மட்டுமே செய்யும். அதனால்தான் விடியலில் அளவு அடிமட்டத்துக்கு வருகிறது.

மீன்கள் அப்படி மேலே வந்து தெரிந்தால் அன்று தீவனம் போடாதீர்கள், சாணமும் வேண்டாம். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) இருந்தால் நள்ளிரவிலிருந்தே ஓடட்டும். பலர் பகலில் ஓட்டிவிட்டு ராத்திரி நிறுத்திவிடுகிறார்கள், அது தலைகீழ். ஏரேட்டர் இல்லையென்றால் மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரையே உயரத் தூக்கி மழைபோலத் தூவ விடுங்கள். போர்வெல் தண்ணீரையும் நேராக விடாமல் இப்படியே விடுங்கள், நிலத்தடி நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. முடிந்தால் குளத்தில் ஐந்தடி ஆழமாவது தண்ணீர் நிற்கட்டும், ஆழம் இருந்தால் சீக்கிரம் சூடேறாது. வீட்டு மீன் தொட்டிக்கும் இதே கணக்குதான்: வெயில் படாத இடம், குறைந்த தீவனம், இரவிலும் ஓடும் பம்ப்.