ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன்: ஆர்.சி. டூரிங் கார் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இடப்பக்கம் ஒழுங்கா திரும்புதுண்ணே. வலப்பக்கம் வளைச்சா மட்டும் பின்னாடி சுத்திக்குது. எந்த ஸ்பிரிங் போடட்டும்?"

ஆர்.சி., அதாவது ரிமோட்டில் ஓடும் சின்னக் கார்களின் பந்தய நாளில் பிட் மேசையில் (கார்களைச் சரிசெய்யும் இடத்தில்) இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. கேட்கிறவர் கையில் ஏற்கெனவே நாலு நிறத்தில் ஸ்பிரிங் டப்பா இருக்கும். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றினால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் மாறும். ஒரு பக்கம் மட்டும் கார் முரண்டு பிடிக்கிறது என்றால் அது பெரும்பாலும் செட்டப் கோளாறு இல்லை, கட்டியதில் உள்ள கோளாறு. அதை ஸ்பிரிங்கால் தீர்க்கப் போனால் ஒரு தவறின் மேல் இன்னொரு தவறு ஏறும். மாலைக்குள் காரில் எது ஒழுங்காக இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

இங்கே பேசுவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சார டூரிங் காரைப் பற்றி: 190 மி.மீ. அகலம், நான்கு சக்கரமும் உந்தும், இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. டாமியா கம்பெனியின் டிடி-02 போன்ற பிளாஸ்டிக் தொட்டிச் சேஸிஸும் (அடிச்சட்டம்) உண்டு, எக்ஸ்ரே, யோகோமோ போன்றோரின் கார்பன், அலுமினியச் சேஸிஸும் உண்டு. விலை பல மடங்கு வேறுபட்டாலும் தவறுகள் பெரும்பாலும் ஒன்றேதான்.

திருப்புளியில் தொடங்குவது

டாமியா கிட்டில் (நாமே கட்டும்படி பாகங்களாக வரும் பெட்டியில்) வரும் கூட்டல்குறித் திருகுகள் ஜப்பானியத் தரத்தில் (ஜே.ஐ.எஸ்.) வெட்டப்பட்டவை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதில் முழுதாக உட்காராது. இறுக்கும்போது வழுக்கி மேலேறும், நாலு தடவையில் திருகின் தலை வட்டமாகிவிடும். ஜப்பானியத் திருப்புளி ஒன்று வாங்கினால் போதும். விலையுயர்ந்த கார்களில் ஆலன் திருகுகள்தான். 1.5, 2, 2.5 மி.மீ. அளவில் நல்ல எஃகில் செய்த கருவி வேண்டும். கிட்டோடு வரும் எல் வடிவக் கம்பியால் முழுக் காரையும் கட்ட நினைக்காதீர்கள்.

பிளாஸ்டிக்கில் ஏற்றிய திருகைக் கழற்றி மறுபடி போடும்போது, முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பழைய மரையில் விழும்போது 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலில் தெரியும். அதன்பின் முன்பக்கம் சுற்றலாம். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டப்பட்டு, ஐந்தாம் முறை திருகு சும்மா சுழலும்.

திரெட் லாக் பசை உலோகத்தில் உலோகத் திருகு ஏறும் இடத்துக்கு மட்டும். மோட்டார் திருகு, பினியன் (மோட்டார் தண்டிலுள்ள சின்னப் பல்சக்கரம்) திருகு, அலுமினிய பல்க்ஹெட் (சேஸிஸின் மேல் நிற்கும் தாங்கி), இவ்வளவுதான். நீல நிறப் பசை ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக்கில் அது பட்டால் சில வகைப் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

தன் எடையால் விழ வேண்டிய ஆர்ம்

ஷாக்கை (ஸ்பிரிங்கும் எண்ணெயும் உள்ள அதிர்வுதாங்கியை) கழற்றிவிட்டு ஆர்மை (சக்கரத்தைத் தாங்கும் கையை) மேலே தூக்கி விடுங்கள். அது தன் எடையிலேயே விழ வேண்டும். பாதி வழியில் நின்றால், அல்லது விரலால் தள்ளினால்தான் இறங்குகிறது என்றால், ஸ்பிரிங்கும் எண்ணெயும் செய்ய வேண்டிய வேலையை அந்த உரசல் செய்துகொண்டிருக்கிறது. நான்கு மூலையிலும் வெவ்வேறு அளவில் உரசினால் கார் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு விதமாக நடக்கும். ஹிஞ்ச் பின் (ஆர்ம் அசையும் அச்சுக்கம்பி) துளையை ரீமரால் (துளையைத் தேய்க்கும் கருவியால்) லேசாகச் சரிசெய்யலாம். இரண்டு முனையிலும் ஷிம் (மெல்லிய வளையம்) அதிகமாகப் போட்டு நெருக்கியிருக்கிறீர்களா என்றும் பார்க்க வேண்டும். பால் கப்பும் (குண்டு மூட்டின் மேல் மாட்டும் கிண்ணம்) அப்படித்தான். குண்டின் மேல் எளிதாகச் சுழல வேண்டும், ஆனால் லொடலொடக்கக் கூடாது.

டர்ன்பக்கிளில் (சுற்றினால் நீளம் மாறும் இணைப்புக் கம்பியில்) ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. நடுவில் ஒரு பக்கமாகச் சின்ன வெட்டு இருக்கும். எல்லா வெட்டும் ஒரே பக்கம் (உதாரணமாக, டிரைவரின் இடப்பக்கம்) வரும்படி போட்டால், பிட்டில் அவசரத்தில் எந்தப் பக்கம் சுற்றினால் நீளும் என்று யோசிக்க வேண்டியதில்லை. கட்டும்போது அரை நிமிட வேலை. கட்டி முடித்தபின் இதற்காகக் கழற்ற ஒருவருக்கும் மனம் வராது.

டிடி-02 கிட்டில் பல பதிப்புகள் பால் பேரிங் இல்லாமல், பிளாஸ்டிக் புஷ்ஷோடுதான் வரும். மோட்டாரை மாற்றுவதற்கு முன் பேரிங்கை மாற்றுங்கள். காசு குறைவு, பலன் அதிகம். அந்தக் கிட்டின் எண்ணெயில்லாத உரசல் டாம்பரும் (ஷாக்) பந்தயத்துக்கு ஆகாது.

முறுகிய சேஸிஸ்

இதில்தான் நான் இரண்டு பந்தய நாட்களைத் தொலைத்தேன். கார்பன் சேஸிஸ், புது சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்). பழையதைவிட ஒரு நூல் பெரியது. பொருத்தும்போது சர்வோவின் அடி சேஸிஸ் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. திருகை இறுக்க இறுக்க, தட்டு கண்ணுக்குத் தெரியாமல் முறுகிக்கொண்டது. நானோ பின்பக்க எண்ணெயை மாற்றிக்கொண்டிருந்தேன்! சர்வோவுக்கும் தட்டுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளி கட்டாயம் வேண்டும். இப்போதைய கார்களில் சர்வோவை நடுக்கோட்டில் மட்டும் பிடித்து, பக்கத்தில் மிதக்க விடுவதும் இதற்காகத்தான்.

சரிபார்க்கத் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று போதும், சமதளமாக இருந்தால் சரி. மேல்தட்டுத் திருகுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். சக்கரமில்லாமல் சேஸிஸைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே, குறுக்கு மறுக்காக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

பிறகு சக்கரங்களை மாட்டி, பேட்டரியும் வைத்து, கண்ணாடியில் நிறுத்துங்கள். ஆன்ட்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை) இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள். முன்பக்கச் சேஸிஸின் சரியான நடுப்புள்ளியில் கத்தி முனையை வைத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு முன் டயரும் ஒரே நொடியில் தரையை விட வேண்டும். பின்பக்கமும் அப்படியே. ஒன்று முந்திக் கிளம்பினால் முறுக்கு இருக்கிறது, அல்லது ஷாக்கில் ஸ்பிரிங்கைத் தாங்கும் கழுத்து வளையம் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. சரியானதும் ரோல் பாரை மாட்டி மறுபடி தூக்கிப் பாருங்கள். இப்போது மட்டும் வேறுபாடு வந்தால் குற்றவாளி ரோல் பாரின் கம்பிதான். பேட்டரியை அழுத்திக் கட்டும் பட்டி, விறைத்த மோட்டார் ஒயர் ஆகியவையும் இதே குறும்பைச் செய்யும்.

முதலில் சொன்ன தம்பியின் காரைத் தூக்கினோம். இடது பின் சக்கரம் தெளிவாகத் தாமதித்தது. மேல்தட்டைத் தளர்த்தி இறுக்கினோம், முடிந்தது. ஸ்பிரிங் டப்பாவைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஷாக், டிஃப்

ஷாக்கில் எண்ணெய் ஊற்றியவுடன் மூடாதீர்கள். பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்துவிட்டு, குமிழி மேலேறும்வரை ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான்கும் முடிந்ததும் இரண்டிரண்டாகக் கையில் பிடித்துச் சேர்த்து அழுத்துங்கள். வெளியே வரும் வேகமும் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளத்தைக் காலிப்பரால் அளங்கள். தண்டைக் குறடால் பிடித்துக் கீறிவிட்டால் ஓ-ரிங் வழியாக எண்ணெய் கசியும். இன்னொன்று: எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கப் புட்டியில் 'டபிள்யூ.டி.' என்று போட்ட எண்ணும் 'சி.எஸ்.டி.' என்று போட்ட எண்ணும் வேறு வேறு. கையேடு 400 சி.எஸ்.டி. கேட்டால் 40 டபிள்யூ.டி. அதற்குச் சமம் என்று கணக்குப் போடாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும்.

கியர் டிஃப்பில் (இடவலச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதியில்) எண்ணெயை விளிம்புவரை நிரப்பினால் மூடும்போது பிதுங்கி வரும், பிறகு ஓடும்போதும் ஒழுகும். நகைக்கடைத் தராசு போன்ற சின்ன எடைக்கருவி இருந்தால் ஒவ்வொரு முறையும் எண்ணெய் எத்தனை கிராம் என்று எழுதி வையுங்கள். அடுத்த தடவை கட்டும்போது அதே உணர்வு வரும். முன்பக்கம் டிஃப்பே இல்லாமல் ஸ்பூல் போட்ட கார்களில் இரண்டு முன் சக்கரமும் சேர்ந்தே சுழலும். அதைப் பழுது என்று நினைத்துப் பிரித்தவர்கள் உண்டு.

மின்சாரப் பக்கம்

சர்வோவின் கொம்பைப் பொருத்துவதற்கு முன் மின்சாரம் கொடுத்து, டிரிம்மை (ரிமோட்டில் நடுநிலையை நகர்த்தும் அமைப்பை) பூஜ்யத்தில் வைத்து, சர்வோவை நடுவில் நிற்க விடுங்கள். அப்படிச் செய்யாமல் பொருத்திவிட்டுப் பிறகு ரிமோட்டில் டிரிம்மை ஒரு மூலைக்குத் தள்ளினால், இடவலத் திருப்பம் ஒருநாளும் சமமாகாது. எண்ட் பாயின்டையும் (சர்வோ எதுவரை திரும்பலாம் என்ற எல்லையை) இரண்டு பக்கமும் அளந்து வையுங்கள். முழுத் திருப்பத்தில் சர்வோ 'உர்ர்' என்று முனகினால் அது ஒரு தடையை முட்டிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் எரியும்.

சென்சார் மோட்டாரின் ஒயர் முனைகளில் ஏ, பி, சி என்று எழுதியிருக்கும். இ.எஸ்.சி.யிலும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) அப்படியே. மாற்றி ஈயம் வைத்தால் கார் துடித்துக்கொண்டு நிற்கும், சில சமயம் இ.எஸ்.சி. போய்விடும். பேட்டரி முனையை மாற்றி இணைத்தால் அந்தச் சந்தேகமே இல்லை, கணத்தில் புகை. ரிசீவர் ஆன்டெனாவைக் கார்பன் தட்டின் மேல் படுக்க வைக்காதீர்கள். கார்பன் மின்சாரம் கடத்தும். முனையில் உறை நீங்கிய பகுதியை அழகுக்காக வெட்டவும் கூடாது. ஸ்விட்ச் போடும்போது ரிமோட் முதலில், அணைக்கும்போது ரிமோட் கடைசியில்.

லைப்போவைப் பேலன்ஸ் முறையில் (செல்களைச் சமமாக நிரப்பும் முறை) மட்டும் சார்ஜ் செய்யுங்கள். செல்லுக்கு 4.2 வோல்ட், இரண்டு செல்லுக்கு 8.4. சார்ஜர் நிக்கல் பேட்டரி நிலையில் இருக்கும்போது லைப்போவை மாட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பந்தயம் முடிந்து வாரக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். முழுச் சார்ஜில் அலமாரியில் கிடந்தால் உப்பிவிடும்.

பல் விகிதத்தில் பரவலாக நடக்கும் குழப்பம், பக்கத்து மேசைக்காரரின் பினியனை மட்டும் பார்த்துக் காப்பியடிப்பது. ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) 100 பல், பினியன் 45 பல், காரின் உள்விகிதம் (ஸ்பரிலிருந்து சக்கரம்வரை உள்ள விகிதம்) 1.9 என்றால் 100 ÷ 45 × 1.9, அதாவது சுமார் 4.22. அதே பற்களோடு உள்விகிதம் 2.0 உள்ள காரில் 4.44. இரண்டும் ஒன்றல்ல. எண் சிறிதானால் உச்ச வேகம் கூடும், மோட்டார் சூடும் கூடும். புது விகிதத்தில் முதல் தடவை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டு, அல்லது இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 80 டிகிரியை நெருங்குகிறது என்றால் பினியனில் ஒன்றிரண்டு பல் குறையுங்கள். சூடாகிறதே என்று மோட்டாருக்கு விசிறி வாங்கி மாட்டுவது இரண்டாவது வேலை.

பல் அளவையும் பாருங்கள். டிடி-02இல் வருவது 0.6 மாட்யூல். 48 பிட்ச் பினியன் அதனோடு சேர்ந்தாற்போலத் தோன்றும், ஒரே பந்தயத்தில் ஸ்பரைத் தின்றுவிடும். இரண்டுக்கும் இடையே மெல்லிய தாள் ஒன்றை ஓடவிட்டு இறுக்கினால் இடைவெளி சரியாக வரும். ஸ்பரை முழுச் சுற்றும் சுற்றிப் பாருங்கள், ஏனெனில் எந்த ஸ்பரும் முழு வட்டமல்ல.

பிறகுதான் செட்டப்

தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்: கேம்பர் (சக்கரத்தின் மேல்முனைச் சாய்வு) உட்பக்கமாக 1.5 முதல் 2 டிகிரி, பின்பக்க டோ-இன் (சக்கரத்தின் முன்விளிம்பு உள்நோக்குவது) 3 டிகிரி, முன்பக்கம் பூஜ்யம் அல்லது சற்று டோ-அவுட் (வெளிநோக்குவது), ரைடு ஹைட் (தரைக்கும் சேஸிஸுக்கும் இடையிலான உயரம்) கார்பெட்டில் 5, தார்த்தரையில் 5.5 மி.மீ. காரை இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டு அளங்கள், இல்லாவிட்டால் ஷாக் நின்ற இடத்தில்தான் எண் வரும். டிரூப் (காரைத் தூக்கும்போது சக்கரம் கீழிறங்கும் அளவு) இடவலம் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். கண்மதிப்பு உதவாது, கட்டையும் அளவுகோலும் வேண்டும்.

பிரபல ஓட்டுநர்களின் செட்டப் தாள் இணையத்தில் கிடைக்கும். பாங்காக்கின் டி.ஐ.டி.சி. என்ற சர்வதேச டூரிங் கார் பந்தயத்தின் கொதிக்கும் தரைக்கு எழுதியதை, ஐரோப்பியக் குளிர்கால ஹாலில் கார்பெட்டில் ஓட்டுகிறவர் அப்படியே போட்டால் என்ன ஆகும்? டயரும் தரையும் வேறு, அவர் கையும் வேறு. நான் அந்தத் தாள்களைப் படிப்பேன், போடமாட்டேன். டயரிலும் அப்படித்தான்: 28, 32, 36 என்ற எண் கூடக்கூட ரப்பர் கடினம், சூட்டுக்கு ஏற்றது. உங்கள் கிளப்பில் முன்னணியில் ஓடுகிறவர் எதைப் போடுகிறார் என்று கேட்டுவிடுங்கள், கூச்சப்படாமல். மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, நோட்டில் எழுதுங்கள்.

பாடி

பாலிகார்பனேட் பாடிக்கு உட்பக்கம்தான் பெயின்ட். டாமியாவில் பி.எஸ். என்று தொடங்கும் டப்பா இதற்கு. டி.எஸ். டப்பா கெட்டிப் பிளாஸ்டிக் மாடல்களுக்கு. மாற்றி அடித்தால் முதல் மோதலிலேயே சோற்றுப் பருக்கை போல உதிரும். அடிப்பதற்கு முன் பாத்திர சோப்பில் கழுவுங்கள். வெளிப்பக்கப் படலத்தைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும்.

சக்கர வளைவை அழகு பார்த்துச் சின்னதாக வெட்டுகிறவர்கள்தான் அதிகம். கார் மேசையில் நிற்கும்போது உரசாது. வளைவில் சாய்ந்து, முன்சக்கரம் முழுதாகத் திரும்பும்போதுதான் டயர் விளிம்பைப் பிடிக்கும். காரை அழுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். அந்தத் தம்பியின் கார் மதியத்துக்குப் பின் மறுபடி வலப்பக்கம் இழுத்தது. மேல்தட்டைத் தளர்த்தப் போனவரை நிறுத்திவிட்டு, பாடியின் உள்ளே கறுப்பாக ஒரு தேய்ந்த கோடு இருப்பதைக் காட்டினேன். கத்தரியால் 2 மி.மீ. வெட்டினோம், அடுத்த ஐந்து நிமிட ஓட்டத்தில் கார் நேராகப் போனது.