ஜன்னல் வாங்கும்போது எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள்?

ஜன்னல் பொருத்தும் வேலைக்கு எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், மேற்குப் பார்த்த படுக்கையறைக்கு யு மதிப்பு (வெப்பம் கடத்தும் அளவு) குறைந்த ஜன்னலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை. அளவு தவறுவது, ரப்பர் விட்டுப்போவது எல்லாம் வேலையிலேயே திருந்திவிடும். இது திருந்தாது, சொல்லித்தான் தர வேண்டும்.

யு மதிப்பை மட்டும் நம்புவது

உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் கடந்துவரும் வெப்பத்தைத்தான் யு மதிப்பு சொல்கிறது: ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று. வெயில் கண்ணாடி வழியே கொண்டுவரும் வெப்பத்துக்கு எஸ்.எச்.ஜி.சி. என்று தனி எண் உண்டு. அது 0.7 என்றால், விழும் வெயிலில் எழுபது சதவீதம் அறைக்குள் வெப்பமாகிறது.

வேளச்சேரியில் ஒரு வீடு. 3 சதுர மீட்டர் மேற்கு ஜன்னல். யு மதிப்பு 5.7 உள்ள ஒற்றைக் கண்ணாடியை எடுத்துவிட்டு, 2.8 உள்ள சாதா இரட்டைக் கண்ணாடி பொருத்தினேன். மே மாதம் அந்த வீட்டு அம்மா அழைத்தார்: "இவ்வளவு செலவு செய்தும் நாலு மணிக்கு அறையில் உட்கார முடியவில்லையே, தம்பி."

அன்றிரவு கணக்குப் போட்டேன். வெளியே 10 டிகிரி கூடுதல் என்றால் 171 வாட் வந்த இடத்தில் 84 வாட். மிச்சப்பட்டது 87. மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்தாலும், 0.7 கண்ணாடி 1,050 வாட்டை உள்ளே விடுகிறது. வெயில் தடுக்கும் 0.3 கண்ணாடியாக இருந்தால் 450தான். அறுநூறு வாட்டைக் கோட்டைவிட்டு, எண்பத்தேழு வாட்டுக்குப் பணம் வாங்கியிருக்கிறேன். இன்றும் உறுத்துகிறது.

யு மதிப்பை முன்னிறுத்துவது குளிர் நாட்டு வழக்கம். அமெரிக்காவிலேயே வெப்பமான தென்மண்டலத்துக்கு, எனர்ஜி ஸ்டார் என்ற மின்சிக்கன முத்திரை பெறும் ஜன்னலின் எஸ்.எச்.ஜி.சி. 0.23ஐத் தாண்டக் கூடாது.

கண்ணாடியின் எண்ணை ஜன்னலின் எண் என்று எண்ணுவது

அமெரிக்காவில் ஜன்னல்களை மதிப்பிடும் என்.எஃப்.ஆர்.சி. அமைப்பின் லேபிள், கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தையும் சேர்த்த முழு ஜன்னலுக்கானது. இங்கே கையேடுகளில் பெரும்பாலும் கண்ணாடியின் நடுப்பகுதி எண்தான் இருக்கும். அலுமினியச் சட்டம் போட்டால் அந்த எண் கிடைக்காது.

அலகு

அமெரிக்க லேபிளில் யு மதிப்பு 0.30 என்றால், நம் அலகில் அது 1.7.

வெளிச்சத்தை மறப்பது

வெயிலைத் தடுக்கப்போய் அறை இருண்டால் பகலிலும் விளக்கு எரியும். சுவர்ப்பரப்பில் ஜன்னல் 30 சதவீதம் வரை இருந்தால், ஒளி ஊடுருவல் குறைந்தது 0.27 (விழும் ஒளியில் 27 சதவீதம்) வேண்டும் என்கிறது வீடுகளுக்கான இந்திய ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018.

கதவு

அடியில் இடைவெளி இருந்தால் சூடான காற்று அதன் வழியே நுழையும்; லேபிளில் எவ்வளவு நல்ல எண் இருந்தாலும் பயனில்லை.

பூச்சு எந்தப் பக்கம்

இரட்டைக் கண்ணாடியில் வெயில் தடுக்கும் பூச்சு, வெளிக் கண்ணாடியின் உட்புறம் இருக்க வேண்டும். திருப்பிப் பொருத்தினால் வெப்பம் கூடும். சட்டத்தில் ஏற்றும்வரை "வெளிப்பக்கம்" ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள்.