வஹீதா ரஹ்மானின் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

இந்தித் திரைப்பட நடிகை வஹீதா ரஹ்மானின் திரைவாழ்வை அறிய விரும்புவோர் பெரும்பாலும் 1965-இல் வெளிவந்த 'கைடு' படத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதில் தொடங்க வேண்டாம். அந்தப் படத்தில் அவர் ஆடும் ஆட்டம் ஏன் கூண்டு திறந்தது போலத் தெரிகிறது என்பது, அதற்கு முன் அவர் ஏற்ற வேடங்களைப் பார்த்தவர்களுக்கே விளங்கும்.

முதலில் தெற்கிலிருந்து தொடங்குங்கள். 1938-இல் செங்கல்பட்டில் பிறந்த வஹீதா, சிறு வயதிலேயே பரதநாட்டியம் கற்றவர். 1955-இல் 'ரோஜுலு மாராயி' என்ற தெலுங்குப் படத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடியவரைத் தமிழ்ப் படவுலகமும் நடனத்துக்கே அழைத்தது. 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் 'சலாம் பாபு' பாடலை மட்டும் இப்போதைக்குப் பார்த்தால் போதும்.

அதே ஆண்டில் இந்தி இயக்குநர் குரு தத் தயாரித்த 'சி.ஐ.டி.' இந்தியில் அவருடைய முதல் படம். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னபோது மறுத்ததோடு, தனக்குப் பிடிக்காத உடையை அணிய மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்த பெண் இவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இப்படத்தைப் பாருங்கள். புதுமுகம் ஒருவர் அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டது சிறிய செய்தியன்று.

அடுத்து 'பியாசா' (1957). இதற்கு மட்டும் நேரம் ஒதுக்கி, ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். தெருவில் ஒரு பெண் பக்திப்பாடல் பாடிக்கொண்டிருக்க, குலாபோ என்னும் பாலியல் தொழிலாளியாக நடிக்கும் வஹீதா, மொட்டைமாடியில் முதுகு காட்டி நிற்கும் கவிஞனை நோக்கிப் படியேறிச் செல்கிறார். அவனைத் தொட்டுவிடும் நெருக்கத்துக்கு வந்தும் தொட முடியாமல் திரும்பிவிடுகிறார். அவருக்கு வசனமும் இல்லை, வாயசைப்பும் இல்லை. இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால், நடனக்காரியின் உடல் அடக்கத்தைக் கற்றுக்கொள்வது தெரியும். அவருடைய நடிப்பின் திறவுகோல் இதுவே என்பது என் கருத்து.

'காகஸ் கே பூல்' (1959) வெளிவந்தபோது வசூலில் தோற்றது; ஆனாலும், ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி பாய்ச்சிய ஒளிக்கற்றைக்காகவேனும் அதைத் தவறவிடக் கூடாது. 1962-இல் சத்யஜித் ராய் இயக்கிய 'அபிஜான்' என்ற வங்காளப் படம், நேரம் இருந்தால்.

இனி 'கைடு'. தேவதாசியின் மகளாகப் பிறந்து, நடனத்தை வெறுக்கும் தொல்லியல் ஆய்வாளருக்கு வாழ்க்கைப்பட்ட ரோசி, மீண்டும் சலங்கை கட்டிக்கொண்டு, வாழும் ஆசை திரும்பிவிட்டதெனப் பாடும் இடத்தில், பத்தாண்டுகளாக அடக்கிவைத்த கால்கள் அவிழ்கின்றன. கணவனை விட்டு விலகும் இந்த வேடத்துக்கு அவர் ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார்.

அதன்பின் வரிசை அவ்வளவு முக்கியமில்லை. 'காமோஷி'யில் நோயாளியைக் குணப்படுத்தத் தன் மனத்தையே பணயம் வைக்கும் செவிலியாகவும், தேசிய விருது பெற்றுத்தந்த 'ரேஷ்மா அவுர் ஷேரா'வில் (1971) பாலைவனப் பெண்ணாகவும் வருகிறார். 1974-இல் நடிகர் கமல்ஜீத்தை மணந்தார். பிறகு வந்த இரு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் இந்தித் திரையுலகம் நடிகைகளின் வயதை எப்படிக் கணக்கிடுகிறது என்பது புரியும்: 1976-இல் 'அதாலத்'தில் அமிதாப் பச்சனின் மனைவி, 1978-இல் 'திரிசூல்' படத்தில் அதே அமிதாப்பின் தாய்.

2021-ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது அவருக்கு 2023-இல் அறிவிக்கப்பட்டது. கடைசியாக, கமல்ஹாசனின் தாயாக, நினைவு மங்கிய முதியவளாக அவர் நடித்த 'விஸ்வரூபம் 2' (2018) படத்தைப் பாருங்கள். பார்த்த கையோடு 'சலாம் பாபு'வை மறுபடி ஓட விடுங்கள். இரண்டுக்கும் இடையில் 62 ஆண்டுகள்.