டர்பனிலிருந்து ஹாலேக்கு: தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு

ஜெர்மனி என்றதும் எல்லோரும் பெர்லின், மூனிக் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தமிழ் படிக்கிற பிள்ளைகள் என்றால் ஹாலேக்குக் கூட்டிப் போங்கள் என்பேன். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர் அது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் அச்சானதும் அங்கேதான். நம்ம டர்பன் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை தோறும் அ, ஆ எழுதிப் பழகுகிற பிள்ளை அந்த ஊரைக் கட்டாயம் பார்க்கணும்.

ஜூலை விடுமுறையில் போவது நல்லது, அங்கே அப்போது கோடை. செப்டம்பர் கடைசி விடுமுறை புரட்டாசியில் வந்து விழும், வீட்டில் கவிச்சி தொடாத பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு பார்ப்பது பெரும்பாடு. ஜெர்மனி போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே மனு போடலாம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அப்பா அம்மா இரண்டு பேர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். பெற்றோர் பிரிந்து வாழ்கிற பிள்ளைகளின் காகிதங்களை முதலில் கையில் எடுங்கள், தாமதம் அங்கேதான் வரும், அந்தப் பிள்ளை விட்டுப்போகக் கூடாது.

புறப்படுவதற்கு முன் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஹாலேயில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன, அதனால் பழைய எழுத்தைப் படிக்கப் பழக்குங்கள். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. பலகையில் 'நெறறுவநதரன' என்று எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கொஞ்ச நேரம் முழிப்பார்கள், அப்புறம் ஒரு பிள்ளை 'நேற்று வந்தான்!' என்று கத்தும். வாரத்துக்கு இரண்டு வரி இப்படிக் கொடுத்தால் போதும், அங்கே ஓலையைக் கண்டதும் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து எழுத்துக் கூட்டுவார்கள்.

ஹாலேயில் நேராகப் பிராங்கே நிறுவன வளாகத்துக்குப் போங்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பாதிரியார் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே கட்டிய அநாதை இல்லத்தின் மேல்மாடியில், பரண் போன்ற கூடத்தில் பழைய அதிசயப் பொருள் அறை இருக்கிறது. கூரையிலிருந்து முதலை தொங்கும், பிள்ளைகள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். தரங்கம்பாடியிலிருந்து போன பொருட்களும் அங்கே உண்டு. ஆனால் சுவடிகளின் பெரும்பகுதி ஆவணக்காப்பகத்தில் இருப்பதால், பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, எவ்வளவு தமிழ் தெரியும் என்று விவரமாகச் சில மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். கேட்காமல் போய் நின்றால் காட்ட மாட்டார்கள். திங்கள்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதைப் பார்த்து நாளைக் குறியுங்கள்.

மற்றதெல்லாம் ஒரு நாளில் முடியும். 1685-ல் இசையமைப்பாளர் ஹெண்டல் பிறந்த வீடு, கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி லூதரின் மரண முகமூடி (இறந்தபின் முகத்தில் எடுத்த அச்சு) இருக்கிற சந்தைத் தேவாலயம் இரண்டும் நடக்கிற தூரம்தான். ஞாயிறு கடைகள் அநேகமாக மூடியிருக்கும், ரொட்டி, பழம், தயிர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.