புவியீர்ப்பு முடுக்கத்தை ஃபோன் கேமராவிலேயே அளப்பது எப்படி?

ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்து கீழே வர 0.45 விநாடிதான் ஆகும். பார்த்துவிட்டு விரல் பட்டனை அழுத்துவதற்குள் அதில் கிட்டத்தட்ட பாதி போய்விடும்.

ஃபோனில் ஸ்லோ மோஷன் இருந்தால் போதும். சுவரில் ஒரு அளவு டேப்பை, பூஜ்ஜியம் மேலே வரும்படி நேராகத் தொங்கவிட்டு ஒட்டுங்கள். இரண்டு மீட்டர் நீளம் தாராளம். ஃபோனை நடு உயரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அசையாமல் நிறுத்துங்கள், ஏனென்றால் கிட்டே வைத்தால் மேலேயும் கீழேயும் சாய்வாகத் தெரிந்து அளவு பொய் சொல்லும். வெளிச்சம் நிறைய வேண்டும், இல்லையென்றால் பந்து கோடாக இழுபடும். கனமான சின்னப் பந்தாக எடுத்து, டேப்பை ஒட்டினாற்போல் விடுங்கள். தள்ளக் கூடாது, விரலைப் பிரித்தால் போதும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது அடுத்த கட்டத்தில்தான். பந்து கையை விட்ட ஃபிரேம் (வீடியோவில் உள்ள ஒரு தனிப் படம்) எது என்று தேடுவார்கள். அது கண்ணுக்குத் தெரியாது! விநாடிக்கு 240 ஃபிரேம் எடுத்தால், விட்டு ஐந்து ஃபிரேம் ஆன பிறகும் பந்து இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். நானும் இதில் ஒரு மாலை முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

அதனால் ஆரம்பத்தை விட்டுத்தள்ளுங்கள். பந்து நன்றாக விழத் தொடங்கிய பிறகு ஏதோ ஒரு ஃபிரேமில் நிறுத்தி, பந்தின் அடி விளிம்பு டேப்பில் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 24 ஃபிரேம் நகர்த்தி மறுபடி குறியுங்கள் (விநாடிக்கு 240 ஃபிரேம் என்றால் இது 0.1 விநாடி, 120 என்றால் 12 ஃபிரேம்). இப்படி ஐந்து இடம். உதாரணமாக 11, 30.5, 60, 99, 148 செ.மீ. என்று வந்தால், இடைவெளிகள் 19.5, 29.5, 39, 49. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய 10 செ.மீ. அதிகம், சராசரி எடுத்தால் 9.83. எங்கே தொடங்கினாலும் இந்த வித்தியாசம் மாறாது, ஏனென்றால் 0.1 விநாடிக்கு ஒரு தடவை வேகம் விநாடிக்கு 98 செ.மீ. கூடிக்கொண்டே போகிறது. இந்த வித்தியாசத்தை 0.1 × 0.1-ஆல் வகுத்தால் முடுக்கம், அதாவது 983 செ.மீ/வி². அதனால் செ.மீ. கணக்கில் வந்த எண்ணே மீட்டர் கணக்கில் முடுக்கம்: 9.83 மீ/வி².

பூமத்திய ரேகையில் இது 9.78, துருவங்களில் 9.83. ஆனால் அந்த நுண்மையை இந்த டேப்பிடம் எதிர்பார்க்காதீர்கள், 9.5 முதல் 10 வரை வந்தாலே நல்ல வேலைதான்.

ஒரு விஷயம்: வீடியோவை ஆப் வழியாக அனுப்பிப் பார்க்காதீர்கள், சுருக்கும்போது ஃபிரேம்கள் குறைந்துபோகலாம். மூலக் கோப்பையே கணினிக்கு மாற்றி, விஎல்சி பிளேயரில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள்.

எல்லாம் சரியாக வந்துவிட்டால் எடையை மாற்றிப் பாருங்கள், எண் அசையாது. அப்புறம் டேபிள் டென்னிஸ் பந்தை விடுங்கள்: கீழே வர வர காற்று தடுத்து, வித்தியாசம் 9.8-ஐவிடச் சுருங்கிக்கொண்டே போவது உங்கள் குறிப்பிலேயே தெரியும்.